பூட்டும் சாவியும் ஒரே கையில்



'நாட்டுப் பாதுகாப்பு' என்று யாராவது சொல்லிவிட்டால் நம்மில் பலருக்கு வாய் தானாக மூடிக்கொள்கிறது. மேலே கேள்வி கேட்டால் தேசத்துரோகி என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். 'நமக்கெதுக்குப்பா இந்த வம்பு? அரியர் இல்லாம முடிச்சோமா, ஒரு வேலைக்குப் போனோமான்னு இருப்போம்' என்கிற அலுப்பு இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய விஷயம் நம் கண்ணில் படாமலே போய்விடுகிறது. ஒரு மனிதன் குற்றம் செய்தான் என்று நிரூபிக்காமலே அவனை மாதக்கணக்கில் உள்ளே வைக்க நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. அதுவும் ஒன்றல்ல, பல!

இந்தச் சட்டங்கள் எதுவுமே வேண்டாம், குண்டு வைப்பவனைக் கும்பிட்டு அனுப்புங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. நாடு என்று ஒன்று இருந்தால் அதைக் காக்க அரசுக்குப் பலம் வேண்டும். ஆனால் அந்தப் பலத்தை யார் அளந்து பார்ப்பது? என் வாதம் அவ்வளவுதான்.

நம் ஒர்க்ஷாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். லேத்தில் ஜாப் போடுகிறவன் தானே அதைப் பாஸ் போட்டுக்கொள்ள முடியுமா? வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் எடுத்து அளப்பது இன்னொருவர். எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் உற்பத்தி ஒரு பிரிவு, இன்ஸ்பெக்ஷன் வேறு பிரிவு. ஆபரேட்டர் திருடன் என்று யாரும் அப்படி வைக்கவில்லை. எவ்வளவு கைதேர்ந்தவனுக்கும் தான் செய்த ஜாப் சரியாகத்தான் தெரியும். அதனால்தான் இன்னொரு கண் வேண்டும் என்று வைத்தார்கள். ஒரு ஷாஃப்டுக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால் ஒரு மனிதனின் ஒரு வருட வாழ்க்கைக்கு எவ்வளவு வேண்டும்?

அரியர் வைப்பதற்கு முன்பே டிபார்!

சாதாரணச் சட்டம் என்ன சொல்கிறது? கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ளலாம். குற்றத்தின் கனத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. இவற்றில் முதல் மூன்றுக்கும் அடிப்படை நம் அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவில் இருக்கிறது.

ஆனால் அதே 22-வது பிரிவு கொஞ்சம் கீழே போனதும் வேறொன்று சொல்கிறது. 'தடுப்புக் காவல்' சட்டத்தில் பிடிபட்டவருக்கு மேலே சொன்ன 24 மணி நேரமும் வக்கீலும் பொருந்தாதாம்! உலகில் பல நாடுகள் போர்க்காலத்தில் மட்டும் இப்படிப்பட்ட சட்டத்தைக் கையில் எடுக்கும். நாமோ அமைதிக் காலத்துக்கும் சேர்த்து அரசியல் சட்டத்துக்குள்ளேயே அதற்கு இடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.

தேசியப் பாதுகாப்புச் சட்டம் 1980-ல் வந்தது. நமது மாநிலத்தின் குண்டர் சட்டம் 1982-ல் வந்தது. இரண்டிலும் கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ 'எனக்குத் திருப்தியாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டால் ஒருவரை 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அவர் செய்த குற்றத்துக்குத் தண்டனையா அது? இல்லை. இனிமேல் செய்யக்கூடும் என்ற ஊகத்துக்கு! 'இவன் அடுத்த செமஸ்டரில் பிட் அடிக்கக்கூடும்' என்று இந்த செமஸ்டரிலேயே ஒருவனை டிபார் செய்தால் நாம் சும்மா இருப்போமா?

காரணங்களை எழுதிக் கொடுப்பார்கள். மனுப் போடலாம். அறிவுரைக் குழுமம் என்று ஒன்று இருக்கிறது, உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்கள் அதில் இருப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் முன்னால் வக்கீலை வைத்துப் பேசும் உரிமை உள்ளே இருப்பவருக்குக் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி, கட்டுக்கட்டான போலீஸ் காகிதத்துக்கு எதிராகத் தானே வாதாட வேண்டும். அந்தக் குழுமத்தின் முடிவு வருவதற்கே ஏழு வாரம் வரை ஆகலாம்.

தற்காலிகம் என்ற பெயரில்...

இந்தக் கதை வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்குகிறது. முதல் உலகப் போருக்காகக் கொண்டுவந்த அதிகாரங்களைப் போர் முடிந்த பிறகும் விட மனமில்லாமல் 1919-ல் ரௌலட் சட்டம் போட்டார்கள். அதை எதிர்த்து நாடு முழுவதும் கடையடைப்பு நடத்தலாம் என்ற யோசனை காந்திஜிக்கு உதித்தது நமது சென்னையில் தங்கியிருந்தபோதுதான். அதே ஏப்ரலில் சத்யபால், கிச்லூ என்ற இரண்டு தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனதைக் கண்டித்தும் அமிர்தசரஸில் மக்கள் கூடினார்கள். ஜாலியன்வாலாபாக்கில் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட சட்டத்தை எதிர்த்தே சுதந்திரம் வாங்கிய நாம், குடியரசாகி ஒரு மாதம் முடிவதற்குள் 1950 பிப்ரவரியில் தடுப்புக் காவல் சட்டம் கொண்டுவந்தோம். அந்தச் சட்டத்தின் முதல் பெரிய வழக்கே சென்னை மாகாணத்தின் மீதுதான். சென்னைச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்த வழக்கு அது. உச்சநீதிமன்றம் ஒரு பிரிவை மட்டும் ரத்து செய்துவிட்டு மற்றதெல்லாம் செல்லும் என்றது. ஒரு வருடத்துக்கு மட்டும் என்று வந்த அந்தச் சட்டம் நீட்டி நீட்டி 1969 கடைசி வரை இருந்தது. ஒரு வருடம் என்று வாடகைக்கு வந்தவர் இருபது வருடம் காலி செய்யாத கதை! அது போன இரண்டாவது வருடமே, 1971-ல், 'மிசா' வந்தது.

மிசாவின் முழு முகம் நெருக்கடி நிலையில்தான் தெரிந்தது. 1975 ஜூன் 25-ல் நெருக்கடி நிலை வந்தது. அடுத்து, அடிப்படை உரிமைகளுக்காகக் கோர்ட்டுக்குப் போகும் வழியே ஜனாதிபதி உத்தரவினால் அடைக்கப்பட்டது. மிசாவில் மட்டும் சுமார் 35 ஆயிரம் பேர் உள்ளே போனார்கள் என்று பின்னால் ஷா கமிஷன் கணக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-ல் ஆட்சி கலைக்கப்பட்டதும் தி.மு.க.வினர் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். சென்னை மத்தியச் சிறையில் அவர்களுக்கு நேர்ந்த கொடுமைகளை விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் தலைமையில் தனிக் கமிஷனே வைக்க வேண்டியிருந்தது. அங்கே அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்துபோனார்.

இதற்கெல்லாம் கோர்ட் என்ன செய்தது? ஒன்பது உயர்நீதிமன்றங்கள் தைரியமாக, 'வழக்கை விசாரிப்போம்' என்றன. உச்சநீதிமன்றம் 1976 ஏப்ரல் 28-ல் 'முடியாது' என்றது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசுப் பக்கம். அந்த வழக்கில் நீதிபதி எச்.ஆர். கன்னா அரசு வக்கீலிடம் ஒரு கேள்வி கேட்டார். ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவனைக் கொன்றுவிட்டால்கூட நிவாரணம் இல்லையா என்று. நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்று பதில் வந்தது. கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவருக்கு வர வேண்டிய முறை. அவரைத் தாண்டி ஜூனியருக்குக் கொடுத்தார்கள். அவர் ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அந்த நால்வர் தீர்ப்பு தவறு என்று உச்சநீதிமன்றமே வெளிப்படையாகச் சொல்ல 2017 ஆகஸ்ட் வரை ஆயிற்று. அப்படிச் சொன்ன நீதிபதிகளில் ஒருவர், அந்த நால்வரில் ஒருவரான ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்! 41 வருடம் கழித்து அப்பா எழுதியதை மகன் அடித்தார். நல்லதுதான். ஆனால் 1976-ல் உள்ளே இருந்தவனுக்கு அதனால் என்ன லாபம்?

ஹாஸ்டலில் இருந்து போன ஒரு மாணவன்

நம்மைப் போன்ற ஒருவனின் கதையைச் சொல்கிறேன். கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவன் ராஜன். 1976 மார்ச் 1-ம் தேதி விடிகாலையில் போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. நக்சலைட் சந்தேகமாம். கக்கயம் என்ற இடத்தில் இருந்த போலீஸ் முகாமுக்குக் கொண்டு போனார்கள். அதன் பிறகு ராஜனை யாரும் பார்க்கவில்லை.

அப்பா ஈச்சர வாரியர் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். அதிகாரி அதிகாரியாக, மந்திரி மந்திரியாக ஏறி இறங்கினார். 'என் மகன் எங்கே?' என்ற ஒரே கேள்விக்கு ஒரு வருடம் பதில் இல்லை. நெருக்கடி நிலை முடிந்த 1977 மார்ச்சிலேயே அவர் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டார். நாங்கள் பிடிக்கவே இல்லை என்றது அரசு. பிடித்தது உண்மை என்றது கோர்ட். நெருக்கடி நிலையின்போது உள்துறை மந்திரியாக இருந்து, அப்போதுதான் முதல்வராகியிருந்த கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. ராஜனின் உடல் கடைசி வரை கிடைக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? ஒரு வருடமாக யாராலும் கேட்க முடியாத கேள்வியைக் கோர்ட் கதவு திறந்த சில வாரங்களில் கேட்க முடிந்தது. சட்டம் வேறு, போலீஸ் வேறு ஆகிவிட்டதா? இல்லை. அளந்து பார்க்க இன்னொரு கை வந்தது, அவ்வளவுதான். 'குற்றமில்லாதவன் எதுக்குப் பயப்படணும்?' என்று கேட்கும் நண்பர்கள் ஈச்சர வாரியரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தேதி போடாத திருத்தம்

நெருக்கடி நிலைக்குப் பிறகு வந்த அரசு மிசாவை ரத்து செய்தது. 1978-ல் 44-வது அரசியல் சட்டத் திருத்தமும் வந்தது. உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது என்று அது எழுதி வைத்தது. நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய காரியம்.

அதே திருத்தத்தில் இன்னொரு பகுதியும் உண்டு. அறிவுரைக் குழுமத்துக்குப் போகாமல் ஒருவரை மூன்று மாதம் வைக்கலாம் என்பது இரண்டு மாதமாகக் குறையும். குழுமத்துக்குப் பதவியில் இருக்கும் உயர்நீதிமன்ற நீதிபதியே தலைமை தாங்குவார். உறுப்பினர்களை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி பரிந்துரைப்பார். பாராளுமன்றம் நிறைவேற்றியது, ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார். ஆனால் எந்தத் தேதியில் இருந்து நடைமுறை என்பதை மத்திய அரசு அறிவிக்க வேண்டும் என்று ஒரு வரி. அந்தத் தேதியை எந்த அரசும் அறிவிக்கவில்லை. எத்தனை பிரதமர்கள் வந்தார்கள், எத்தனை கட்சிகள் ஆண்டன! 40 வருடங்களுக்கு மேல் அந்தப் பகுதி அச்சில் மட்டும் இருக்கிறது. உச்சநீதிமன்றத்திடம் முறையிட்டபோது, தேதி போடச் சொல்லி அரசுக்கு உத்தரவிட முடியாது என்று 1981-ல் சொல்லிவிட்டது.

இன்ஸ்பெக்டரை எப்போது வேலைக்குக் கூப்பிடலாம் என்று ஆபரேட்டரிடமே கேட்டால் அவர் என்ன சொல்வார்? 'பார்க்கலாம் சார், அப்புறம்' என்பார். அதுதான் நடந்தது.

இரண்டு பேட்டரி, முப்பத்தொரு வருடம்

அடுத்து 'தடா'. 1985-ல் இரண்டு வருடத்துக்கு என்று வந்து, புதுப்பித்துப் புதுப்பித்து 1995 மே வரை இருந்தது. 1994 வரை சுமார் 76 ஆயிரம் பேர் அதில் கைதானார்கள். தண்டனை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை. நூறு ஜாப்பில் தொண்ணூற்றெட்டு ரிஜெக்ட் ஆனால் அந்த மெஷினை ஒரு நாள் ஓட விடுவோமா?

தடாவில் இருந்த ஆபத்தான விஷயம் வாக்குமூலம். சாதாரணச் சட்டத்தில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அடித்து வாங்கலாம், மாற்றி எழுதலாம் என்ற பயத்தால் வெள்ளைக்காரனே வைத்த பாதுகாப்பு அது. தடாவில் எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி பதிவு செய்தால் செல்லும் என்று மாற்றினார்கள்.

1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு காவலுக்கு நின்ற போலீசாரும் பொதுமக்களும் செத்தார்கள். மன்னிக்க முடியாத கொடுமை. அந்த வழக்கில் ஜூன் மாதம் பிடிபட்ட பேரறிவாளனுக்கு அப்போது 19 வயது. படிப்பு? எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷனில் டிப்ளமோ. ஆம் தோழர்களே, நம்ம டிப்ளமோதான். ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீது இருந்த முக்கியமான குற்றச்சாட்டு. நம் லேபில் நாளைக்கு நாலு பேர் வாங்கி வரும் அதே பேட்டரி.

1998-ல் தடா கோர்ட் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999-ல் உச்சநீதிமன்றம் இது தடா குற்றமே ஆகாது என்று சொல்லி 19 பேரை விடுதலை செய்தது. ஆனால் தடாவின் கீழ் எழுதி வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லும் என்றது! சட்டம் பொருந்தாது, ஆனால் அந்தச் சட்டம் இருந்ததால் மட்டுமே கிடைத்த காகிதம் பொருந்தும். பேரறிவாளனின் தூக்கு உறுதியானது. 2013-ல், அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி, ஓய்வு பெற்ற பிறகு ஒன்று சொன்னார். பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அந்த இளைஞர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று. 2014-ல் தூக்கு ஆயுளானது. 2022 மே 18-ல் உச்சநீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி விடுதலை செய்தது. 19 வயதில் போனவர், 50 வயதில் வந்தார்.

அவர் குற்றவாளி என்ற தீர்ப்பைக் கோர்ட் ரத்து செய்யவில்லை. அதை நான் மறைக்கவில்லை. என் கேள்வி வேறு. எழுதுகிறவர் ஒரு வரியை விட்டுவிட்டால், அதைக் கண்டுபிடிக்க வழியே வைக்காத ஒரு சட்டம் நல்ல சட்டமா?

இன்று எனக்கு, நாளை உனக்கு

இவற்றை எந்த ஒரு கட்சியின் தலையிலும் கட்ட முடியாது. மிசா காங்கிரஸ் கொண்டு வந்தது. 2002-ல் பா.ஜ.க. தலைமையிலான அரசு 'பொடா' கொண்டு வந்தது. அந்தக் கூட்டணியில் வைகோவின் ம.தி.மு.க.வும் இருந்தது. அந்த ஆண்டு ஜூலையிலேயே திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக வைகோவையே பொடாவில் பிடித்தார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் வேலூர்ச் சிறை! கத்தி செய்தவனுக்குத் தெரியாது, அது யார் கைக்குப் போகும் என்று. 2004-ல் பொடா போனது. ஆனால் அதன் பல பகுதிகள் 'உபா' என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறின. 2008-ல் காங்கிரஸ் அரசு அதை இறுக்கியது, 2019-ல் பா.ஜ.க. அரசு இன்னும் இறுக்கியது.

உபாவில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. அது ஒரு ஆறுதல். ஆனால் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். போலீஸ் காகிதத்தைப் படித்ததும் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடி மக்களோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி 2020 அக்டோபரில் இந்தச் சட்டத்தில் கைதானார். வயது 80-க்கு மேல், கை நடுங்கும் பார்க்கின்சன் நோய். தண்ணீர் குடிக்க உறிஞ்சு குழாய் வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. விசாரணை தொடங்காமலே, ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5-ல் இறந்துபோனார். அவர் குற்றவாளியா, நிரபராதியா? இனி எந்தக் கோர்ட்டும் சொல்லப்போவதில்லை.

நம்ம ஊர்க் கதை

சரி, இதெல்லாம் பெரிய மனிதர்கள் கதை என்கிறீர்களா? குண்டர் சட்டத்துக்கு வருவோம். கள்ளச்சாராயம், போதைப்பொருள், குண்டர், நில அபகரிப்பு என்று தொடங்கிய பட்டியலில் திருட்டு வீடியோவும் மணல் கடத்தலும் பிறகு சேர்ந்தன. 2014 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை சிக்கியவரைக்கூட உள்ளே போடலாம். எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சட்டம். பிறகு வந்த எந்த ஆட்சியும் அதைக் கீழே வைக்கவில்லை.

2017 ஜூலையில் சேலத்தில் ஒரு மாணவி கைதானார். எரிவாயுத் திட்டத்தை எதிர்த்துக் கல்லூரி வாசலில் துண்டறிக்கை கொடுத்தார் என்று. சில நாளிலேயே அவர் மேல் குண்டர் சட்டம்! செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நீதி கிடைத்தது, சரி. நடுவில் போன ஒன்றரை மாதத்தை யார் திருப்பிக் கொடுப்பது? வகுப்புக்கு வராத நாளுக்கு அட்டெண்டன்ஸ் யார் போடுவது?

1965-லேயே லோகியா வழக்கில் உச்சநீதிமன்றம் அழகாகச் சொல்லியிருக்கிறது. நம் டிராயிங் ஷீட்டில் போடுவது போல ஒரே மையத்தில் மூன்று வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். வெளி வட்டம் சாதாரணச் சட்டம் ஒழுங்கு. அதற்குள் பொது அமைதி. நடுவில் சின்ன வட்டம் நாட்டின் பாதுகாப்பு. வெளி வட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு சச்சரவும் உள் வட்டத்தைத் தொடாது. துண்டறிக்கை எந்த வட்டத்தில் வரும் என்று கண்டுபிடிக்கக் காம்பஸ் வேண்டுமா என்ன?

இப்படி ரத்தாகும் உத்தரவுகள் நிறைய. மனுவைக் காலத்தில் பரிசீலிக்கவில்லை, படிக்க முடியாத நகலைக் கொடுத்தார்கள், அதிகாரி மனதைச் செலுத்தவில்லை என்று காரணங்களைச் சொல்லிக் கோர்ட் ரத்து செய்கிறது. ஆனால் வழக்கு வரிசையில் நின்று தீர்ப்பு வருவதற்குள் பல மாதம் போய்விடும். வெளியே வருகிறவர் பாதித் தண்டனையை அனுபவித்துவிட்டுத்தான் வருகிறார்.

சிலம்பின் கதை நமக்குத் தெரியாததா? பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் விசாரிக்கவில்லை, கோவலன் தலை போனது. கண்ணகி சிலம்பை உடைத்ததும் பரல் தெறித்தது, உண்மை தெரிந்தது. சாட்சியம் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் பிந்தி வந்தது. அந்தப் பாண்டியனாவது தவறு தெரிந்ததும் உயிரை விட்டான். இன்று உத்தரவு ரத்தானால் கையெழுத்துப் போட்டவரை யாரும் கேட்பதில்லை. நல்லெண்ணத்தில் செய்தது என்று சட்டமே அவருக்குக் குடை பிடிக்கிறது.

குண்டு வெடித்தால் என்ன செய்வாய்?

இது நியாயமான கேள்வி. 1998 பிப்ரவரி 14-ல் கோவையில் தொடர் குண்டு வெடித்து 58 பேர் இறந்தார்கள். அந்தக் குடும்பங்களிடம் போய் மனித உரிமை என்று வெறும் பேச்சுப் பேச எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த வழக்கில் நடந்ததைப் பாருங்கள். அப்போது தடா முடிந்துவிட்டது, பொடா பிறக்கவில்லை. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. சாட்சிகளையும் தடயங்களையும் வைத்தே வழக்கு நடத்தினார்கள். 2007-ல் 150-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. நல்ல புலனாய்வு இருந்தால் சாதாரணச் சட்டத்தாலேயே தண்டனை வாங்கித் தர முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. தடாவின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே கோவை வழக்கில் மதானி உட்படச் சிலர் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். ஆனால் மதானி அதற்குள் ஒன்பது வருடம் சிறையில் கழித்துவிட்டார். ஆகவே சாதாரணச் சட்டத்துக்கும் வேகம் வேண்டும். வேகம் இல்லாத நீதி எந்தச் சட்டத்தில் கிடைத்தாலும் பாதி நீதிதான்.

பியூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பியைக் கட்டிவிட்டால் விளக்கு எரியும், தொந்தரவு இருக்காது. ஒருநாள் வீடே எரியும். கோர்ட், வக்கீல், 24 மணி நேரம் என்பதெல்லாம் அந்த மெல்லிய பியூஸ் கம்பிகள். தொந்தரவு கொடுப்பதுதான் அவற்றின் வேலை.

என்னதான் கேட்கிறோம்?

வெறும் குறை சொல்லிவிட்டுப் போவது மாணவனுக்கு அழகல்ல. நான் கேட்பவை இவை:

44-வது திருத்தத்தின் அந்தத் தூங்கும் பகுதிக்கு மத்திய அரசு ஒரு தேதி போட வேண்டும். புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை, ஒரு அரசிதழ் அறிவிப்புப் போதும்.

அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை வேண்டும். வசதி இல்லாதவருக்கு அரசுச் செலவில் இலவச வக்கீல் தர வேண்டும்.

தடுப்புக் காவலை எதிர்க்கும் ஆட்கொணர்வு மனுவுக்கு இத்தனை வாரத்தில் தீர்ப்பு என்று காலக்கெடு வேண்டும். குற்றப்பத்திரிகைக்குக் கெடு இருக்கும்போது இதற்கு ஏன் கூடாது?

எத்தனை பேரைப் பிடித்தார்கள், எத்தனை உத்தரவு ரத்தானது, என்ன காரணத்தால் ரத்தானது என்ற கணக்கை மாவட்ட வாரியாக ஒவ்வொரு வருடமும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். எந்த மெஷினில் ரிஜெக்ஷன் அதிகம் என்று தெரிந்தால்தானே சரி செய்ய முடியும்?

தவறாக உள்ளே வைத்த நாட்களுக்கு நஷ்டஈடு வேண்டும். கூலிக்காரன் ஒருவனின் மூன்று மாதச் சம்பளம் அரசுக்குத் தூசு. அவன் வீட்டு அடுப்புக்கு அதுதான் எல்லாம்.

இதில் எந்த ஒன்றும் தீவிரவாதிக்கு உதவாது. எல்லைக் காவலைக் குறைக்காது. போலீசின் கையைக் கட்டாது. போலீஸ் பூட்டட்டும். சாவி மட்டும் வேறு கையில் இருக்கட்டும்.

தோழர்களே, நாளைக்கு நாம் மின் வாரியத்திலோ ரயில்வேயிலோ தனியார் கம்பெனியிலோ உட்காரப் போகிறோம். நம்மில் சிலர் போலீஸ் வேலைக்கும் போவோம். யாருடைய கையெழுத்தாலோ பாதிக்கப்படுகிறவர்களாக மட்டுமல்ல, கையெழுத்துப் போடுகிறவர்களாகவும் இருப்போம். 'மேலே இருந்து சொன்னாங்க' என்று காகிதம் நீட்டப்படும்போது, இதை அளந்து பார்த்தது யார் என்று ஒரு தடவை கேளுங்கள். தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, அந்தத் தேதி போடாத திருத்தம் என்ன ஆச்சு சார் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் சொல்லிக்கொடுங்கள். நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் முதல் வேலை.